விலையில்லாக் கல்விக்கும் ஓர் உல்கு

கற்க விரும்புவானுக்குக் காசின்மையே பெருந்தடையாய் நின்ற காலம், கணினியியலைப் பொறுத்தவரையிலேனும், கழிந்துவிட்டது. அமெரிக்காவின் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகத்தார் எவரும் இணையத்தில் விலையின்றிக் கற்கலாமென்று 2001-ஆம் ஆண்டு அறிவித்தது. ஆர்வார்டு பல்கலைக்கழகத்தின் கணினியியல் முதற்பாடம் காணொளியும் பயிற்சியும் உள்ளடங்க இன்று எல்லார்க்கும் திறந்து கிடக்கின்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கணினியியலின் ஏறத்தாழ எல்லாப் பிரிவிற்கும் பாடங்கள் உள.

'பிளாக்செயின்' என்று ஆங்கிலர் வழங்கும் தொடரேட்டு நுட்பமும் இவ்வாறே. அதற்கு வித்தான சதோசி நகமோட்டோவின் கட்டுரை 2008-ஆம் ஆண்டு அத்தோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அஃது ஒன்பதே பக்கம்; படிப்பதற்குக் காசு இல்லை. மாசாச்சூசெட்சுக் கழகத்தில் 2018-ஆம் ஆண்டு கேரி கென்சுலர் தொடரேட்டையும் பணத்தையும் பற்றி நடத்திய வகுப்பு முழுமையும் காணொளியாய்க் கிடைக்கின்றது. எத்தீரியம் என்னும் தொடரேட்டில் நிரல் எழுதுவதெவ்வாறு என்று அந்தோனோபௌலோசும் கேவின் வுட்டும் 2018-ஆம் ஆண்டு எழுதிய பெருநூலை எவரும் இணையத்தில் முழுதும் படிக்கலாம். சாலிடிட்டி என்னும் நிரல்மொழியின் இலக்கணமும், அதை எழுதிப் பார்க்கும் கருவியும், பழகுவதற்கான ஆய்வுத் தொடரேடும் காசின்றியே வாய்க்கின்றன.

வாயில் அகலத் திறந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வாயிற்படியில் உல்கு தண்டுவோன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். இன்று சுங்கம் எனப்படுவதற்கு உல்கு என்பதே பழந்தமிழ்ப் பெயர். அவன் கேட்கும் உல்கு காசன்று; ஆங்கிலம். காசில்லாதவனை உள்ளே விடுவான், ஆங்கிலமில்லாதவனை விடான். கட்டணம் நீங்கிற்று, உல்கு நீங்கவில்லை. இதனை உணராது, 'எல்லாம் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றனவே. கற்காதது பிள்ளைகளின் குற்றமன்றோ?' என்று பேசுவார் பேச்சு, பூட்டிய கதவின் முன் நிற்பவனைப் பார்த்து 'உள்ளே பந்தி நடக்கின்றது, ஏன் பட்டினி கிடக்கின்றாய்?' என்று வினவுவது போன்றதாம்.

உல்கு செலுத்துவோர் யார்?

நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியிற் பயின்று, வீட்டிலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இவ்வுல்கு தெரியாது. அதைச் செலுத்துவது, அரசுப் பள்ளியிலே தமிழ்வழியிற் படித்துவரும் உழவன் மகளும் நெசவாளன் மகனுமே.

அப்பிள்ளைகள் கணினியியலை அறியாதவரல்லர் என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டரசின் மேனிலை வகுப்புக் கணினி அறிவியல் நூல்கள் தமிழில் உள. பதினோராம் வகுப்பிற் சி++ நிரல்மொழியும், பன்னிரண்டாம் வகுப்பிற் பைத்தானும் தமிழ்வழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. அந்நூல்களும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பனவே. மாறி, மடக்கு, அணி, செயற்கூறு, தற்சுழற்சி என்னும் சொற்களைக் கொண்டு அப்பிள்ளை நிரலைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கின்றாள். தற்சுழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன், ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துச் சுழலும் காட்சி அவள் மனக்கண்முன் நிற்கும்.

கல்லூரி வாயிலை மிதித்த அன்றே இச்சொற்கள் யாவும் அவளிடமிருந்து பிடுங்கப்படுகின்றன. இரண்டாண்டு பழகிய கருத்தை ஒரு நாளில் வேற்றுமொழிப் பெயரால் அழைக்க வேண்டும். அதற்கு மேலும் கற்க விரும்பி இரவிலே கையடக்கப் பேசியைத் திறந்தால், அங்குள்ள காணொளிகள் பெரும்பாலும் விரைந்து பேசும் ஆங்கிலத்தில் உள. முதன்முறை கேட்கையில் ஆங்கிலத்தைப் பின்பற்றவே நேரம் போகின்றது. இரண்டாமுறை கேட்கையில் தலை சோர்கின்றது. மூன்றாமுறை, பொருளை விட்டுவிட்டு நிரலை மட்டும் பார்த்துப் படியெடுத்துக்கொள்கின்றாள். படியெடுத்த நிரல் ஓடுகின்றது. ஏன் ஓடுகின்றது என்பதை அவள் அறியாள். பிழைநேர்ந்து அது நின்றால், எங்கே கைவைப்பது என்றும் அறியாள். பின்னர், 'நமக்கு இது வராது' என்று அவளே முடிவு கட்டுகின்றாள். வராதது கணினியியலன்று, ஆங்கிலமே என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார் எவருமிலர். ஓர் இனத்தின் அறிவாற்றல் இவ்வாறு ஓசையின்றி வீணாகின்றது.

அறியாமையின் விலை

இவ்விழப்பு வேலையிழப்பு மட்டுமன்று. தொடரேடு என்றால் என்னவென்று அறியாத மக்களிடத்தில் அதன் பெயரைச் சொல்லியே பணம் பறிக்கலாம். பல்கேரியாவில் 2014-ஆம் ஆண்டு தோன்றிய ஒன்காயின் என்னும் ஏமாற்றுக் காசு நாடு பலவற்றிலும் பரப்பப்பட்டது. 400 கோடி டாலருக்கு மேற்பட்ட பணம் அதனாற் பறிபோனதாக அமெரிக்க அரசின் வழக்குரைஞர் கூறினர். அக்காசிற்கு உண்மையான தொடரேடே இல்லை என்பது அவர்கள் வெளிப்படுத்திய செய்தி. 'ஏடு எங்கே? அதன் படியை எவரெவர் வைத்திருக்கின்றனர்? எடுத்துக் காட்டு' என்னும் மூன்று வினாக்களைக் கேட்கத் தெரிந்திருந்தால் ஏமாந்தோர் பலர் தப்பியிருப்பர். அம்மூன்று வினாவையும் ஆங்கிலம் அறியாத தமிழ்ச் சிற்றூரானும் கேட்கும் நிலை வரவேண்டுமாயின், அவற்றின் பின்னுள்ள அறிவு அவன் தாய்மொழியிற் கிடைக்க வேண்டும். தாய்மொழியறிவு, கற்பார்க்குக் கருவி, கல்லார்க்கும் காப்பு.

தடையும் விடையும்

தமிழில் இவற்றைக் கற்பிக்கலாகாது என்பார் கூறும் தடைகள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்க.

முதற்றடை: 'நிரல்மொழியே ஆங்கிலத்தில் உள்ளதே, பின்னர்த் தமிழுக்கு ஈண்டு என்ன வேலை?'

விடை: நிரல்மொழி ஆங்கிலமன்று, ஆங்கிலத்தினின்று சில சொற்களைக் குறியாக எடுத்துக்கொண்டது, அவ்வளவே. பைத்தானில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. முப்பத்தைந்து சொற்களை ஒரு மாலையிற் கற்கலாம். அவற்றைக் கொண்டு என்ன எண்ணுவது, எதனை எதன்பின் வைப்பது என்னும் நிரலறிவே ஆண்டுக்கணக்கிற் கற்கப்பட வேண்டுவது. அவ்வெண்ணம் தாய்மொழியிலேயே விரைந்து ஓடும். சப்பானியரான மட்சுமோட்டோ 1995-ஆம் ஆண்டு உரூபி என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். அதன் சொற்கள் ஆங்கிலச் சொற்களே. ஆயினும், அதனை விளக்கும் முதல் நூல் 1999-ஆம் ஆண்டு சப்பானிய மொழியிலேயே வந்தது. ஆங்கில நூல் அதன் பின்னரே பிறந்தது. ஆங்கிலர்தாம் காத்திருந்தனர், சப்பானியர் காத்திருக்கவில்லை. மேலும், 2008-ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பைத்தானிலிருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். சாலிடிட்டியில் அவ்வாறு பெயரிட இயலாதெனினும், நிரலினூடே எழுதும் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தடையேதுமில்லை. எழில் என்னும் நிரல்மொழியோ, ஒதுக்கப்பட்ட சொற்களையும் தமிழாகவே கொண்டு இயங்குகின்றது.

இரண்டாந்தடை: 'வேலை ஆங்கிலத்தில்தானே கிடைக்கின்றது?'

விடை: வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமெனில், ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்க, எவரும் மறுக்கவில்லை. கணக்கைக் கற்கும் வேளையில் ஆங்கிலத்தையும், ஆங்கிலத்தைக் கற்கும் வேளையில் கணக்கையும் ஒருங்கே தலையிற் சுமத்தி, இரண்டையும் கெடுப்பதே மறுக்கப்படுவது. பொருளைத் தமிழில் தெளிந்தவன் அதன் ஆங்கிலப் பெயரை ஒரு நாளிற் கற்றுக்கொள்வான். ஆங்கிலப் பெயரை மட்டும் உருப்போட்டவன் பொருளை ஓராண்டிலும் பெறான்.

மூன்றாந்தடை: 'இத்துறை நாளுக்குநாள் மாறுவது, தமிழில் நூல் அச்சேறுமுன் அது பழையதாகிவிடும்.'

விடை: கிளையும் இலையும் மாறும், வேர் மாறாது. தொடரேட்டின் அடிப்படைகளுள் ஒன்றான பொதுத் திறவுகோல் முறையைத் திப்பியும் எல்மானும் 1976-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். பிழிவுகளை மரம்போல் அடுக்கும் மெர்க்கிளின் முறை 1979-ஆம் ஆண்டினது. ஆவணங்களைக் காலமுத்திரையிட்டுப் பிணைக்கும் முறையை ஆபரும் இசுடோர்னெட்டாவும் 1991-ஆம் ஆண்டு எழுதினர். முப்பதும் நாற்பதும் ஆண்டுகளாய் மாறாது நிற்கும் இவற்றைத் தமிழில் எழுதுவதற்குக் காலம் போதவில்லை என்பது பொருந்துமா? போதாதது காலமன்று, மனம்.

நான்காந்தடை: 'தமிழில் சொல்லில்லை.'

விடை: இத்தடைக்குச் சொல்லால் விடை கூறுதல் தகாது, செயலாலே கூறுக. தொடரேடு என்பதை ஆங்கிலத் துணையின்றித் தமிழிற் கற்பித்துக் காட்டுதலே அதற்கு விடை. பின்வருவது அப்பாடம்.

தொடரேட்டுப் பாடம்

ஓர் ஊரில் ஐம்பது வீட்டார் சேர்ந்து சீட்டுப் பிடிக்கின்றனர் என்க. வழக்கமாகக் கணக்கேடு ஒருவன் கையில் இருக்கும். அவன் ஒரு வரியை அழித்தெழுதினால் ஏனையோர் அறியார். ஆகவே, ஐம்பது வீட்டிலும் அதே ஏட்டின் படி ஒவ்வொன்று வைக்கப்படுகின்றது. வரவோ செலவோ நேருந்தோறும் அது எல்லா ஏட்டிலும் ஏறும். ஏடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு கணு. ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டம்.

இனி, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதற்கு முந்திய பக்கத்தின் பிழிவு எழுதப்படும். பிழிவாவது, எத்துணை நீண்ட எழுத்தாயினும் அதனை ஒரு கணக்குமுறையிற் செலுத்தி, ஒரே நீளமுடைய எண்ணாகச் சுருக்குவது. பிட்காயினில் ஆளப்படும் பிழிவு 256 இரும இலக்கம் நீளமுடையது. மூலத்தில் ஒரு புள்ளி மாறினும் பிழிவு முற்றிலும் வேறாகிவிடும். பிழிவிலிருந்து மூலத்தை மீட்டெடுப்பதோ நடைமுறையில் இயலாதது. கரும்பைப் பிழிந்து சாறெடுக்கலாம், சாற்றிலிருந்து கரும்பை மீண்டும் ஆக்கவியலாது. இப்போது ஒருவன் பத்தாம் பக்கத்தைத் திருத்துகின்றான் என்க. அதன் பிழிவு மாறும். பதினோராம் பக்கத்தின் தலைப்பிலுள்ள பழைய பிழிவோடு அது பொருந்தாது. பதினொன்றையும் திருத்தினால் பன்னிரண்டு காட்டிக்கொடுக்கும். எல்லாப் பக்கத்தையும் திருத்தினாலும், ஏனைய நாற்பத்தொன்பது வீட்டிலுள்ள படிகள் காட்டிக்கொடுக்கும். கட்டங்கள் இவ்வாறு பிழிவாற் பிணைந்து தொடர்வதாலேயே அது தொடரேடு.

அடுத்த பக்கத்தை எழுதுவது யார்? பிட்காயினில், கடினமான ஒரு கணக்குப் புதிருக்கு முதலில் விடை காண்பவர் எழுதுவர். ஏறத்தாழப் பத்து மணித்துளிக்கு ஒரு கட்டம் அவ்வாறு எழுதப்படுகின்றது. விடை காணப் பொறியும் மின்னாற்றலும் செலவாவதால், அவ்விடையே உழைத்ததற்குச் சான்று. ஆகவே, அது உழைப்புச்சான்று. விட்டாலிக் புட்டரின் வகுத்து 2015-ஆம் ஆண்டு தொடங்கிய எத்தீரியமும் முதலில் இம்முறையையே கொண்டிருந்தது. 2022-ஆம் ஆண்டு செபுதம்பரில் அது பணையச்சான்று முறைக்கு மாறிற்று. அதன்படி, காசைப் பணையமாக வைத்தோருள் ஒருவர் எழுதத் தேர்ந்தெடுக்கப்படுவர்; பொய் எழுதினால் பணையம் பறிபோகும். மின்செலவு அதனாற் பெரிதும் குறைந்தது.

எத்தீரியத்தின் சிறப்பு, ஏட்டிற் கணக்கை மட்டுமன்றி நிரலையும் எழுதிவைக்கலாம் என்பது. 'இன்னது நேர்ந்தால் இன்னார்க்கு இவ்வளவு கொடு' என்று எழுதிவைத்தால், அஃது எவர் தயவுமின்றித் தானே நிறைவேறும். அது நிரலொப்பந்தம். அவ்வொப்பந்தத்தில் ஒரு வரி இடம் மாறினும் என்ன நேரும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டு சூனில் நிகழ்ந்தது எடுத்துக்காட்டு. தி.டி.ஏ.ஓ. என்னும் நிரலொப்பந்தம், கேட்டவர்க்குப் பணத்தை முதலிற் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே அவர் கணக்கிற் கழிக்குமாறு எழுதப்பட்டிருந்தது. கடைக்காரன் ஒருவன் பணத்தைக் கையிற் கொடுத்த பின்னரே ஏட்டிற் கழிப்பானாயின், அவன் எழுதுகோலை எடுக்குமுன்னரே, 'இன்னும் கொடு, இன்னும் கொடு' என்று வாங்குவோன் கேட்டுக்கொண்டே இருக்கலாமன்றோ? ஏடு ஒவ்வொரு முறையும் பழைய இருப்பையே காட்டும். இவ்வழியே ஏறத்தாழ 36 இலக்கம் ஈதர் காசு கவரப்பட்டது. அதனை மீட்பதா, விடுவதா என்னும் கருத்து வேற்றுமையால் எத்தீரியத் தொடரேடே அடுத்த மாதம் இரு கவையாய்ப் பிரிந்தது. முதலிற் கழித்துப் பின்னர்க் கொடுப்பதே இதற்குத் தீர்வு. வரிசை மாற்றம் ஒன்றே. விளைவோ பல கோடி.

பாடம் முடிந்தது. ஏடு, கட்டம், கணு, பிழிவு, கவை, பணையம், திறவுகோல் என்று இதில் வந்த சொற்களுள் எச்சொல் அகரமுதலியைப் புரட்டச் செய்தது? கரும்பில் உள்ள கணுவும் மரத்தில் உள்ள கவையும் தமிழ்க் குழந்தை கண்ணாற் கண்டவை. சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்கும் இந்நலம் அப்பிள்ளைக்கு ஆங்கிலத்தாற் கிட்டாது. எனவே, தமிழில் சொல்லில்லை என்பது மெய்யன்று. சொல்லை எடுத்தாள்வார் இல்லை என்பதே மெய்.

முன்னோர் காட்டிய வழி

இஃது இயலும் என்பதற்கு வரலாறே சான்று. சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழைத் தாமே கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் பயின்று மருத்துவராயினார் அறுபதுக்கு மேற்பட்டோர். உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே தாங்கிய தமிழ், நிரலொப்பந்தத்தைத் தாங்காதென்பது எவ்வளவு நகைப்புக்குரியது! கடல் கடந்து வந்த வேற்றினத்தார் ஒருவர்க்கு இருந்த நம்பிக்கை, தமிழ் குடித்து வளர்ந்தார்க்கு இல்லாமற் போனதே வருந்தத்தக்கது.

கைபா நகரில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. அங்கு நிறுவப்படவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியற் பாடங்களைச் செருமானிய மொழியிலேயே நடத்துவதென அதன் ஆட்சிக்குழு 1913-ஆம் ஆண்டு முடிவு செய்தது. எபிரேயத்தில் அறிவியற் சொற்கள் போதா என்பதே அன்றும் சொல்லப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் பள்ளிகளை விட்டு வெளியேறிக் கிளர்ந்தனர். அடுத்த ஆண்டே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. 1924-ஆம் ஆண்டு கல்லூரி வகுப்புகள் தொடங்கியபோது அங்கு ஒலித்தது எபிரேயமே. நெடுங்காலம் பேச்சு வழக்கற்றிருந்து, ஒரு தலைமுறைக்கு முன்னரே மீண்டும் நாவிலேறிய மொழி அது. என்றும் வழக்கொழியாத் தமிழுக்கு அவ்வியலாமை எங்ஙனம் வந்தது?

குற்றம் யார்மேல்?

இவ்விடத்திற் சினத்தை இலக்குத் தவறி எய்தலாகாது. பாடங்களை விலையின்றி அளித்த அமெரிக்கர்மேற் குற்றமில்லை. அவர்கள் தம் மொழியில் தந்தனர். பிறர் தத்தம் மொழியிற் பெயர்த்துக்கொள்ள உரிமத்திலேயே இசைவும் தந்தனர். மாசாச்சூசெட்சுக் கழகத்தின் திறந்த பாடங்களை விற்பனை நோக்கமின்றி எவரும் மொழிபெயர்க்கலாம். எத்தீரியம் பற்றிய மேற்குறித்த நூலை, ஆசிரியர் பெயர் குறித்து, அதே உரிமத்தின்கீழ் வெளியிடுவோர் எவரும் பெயர்க்கலாம். நகமோட்டோவின் கட்டுரைக்கும் இத்தகைய தாராள உரிமமே. கதவைத் திறந்து, திறவுகோலையும் கையிற் கொடுத்தவனைப் பழிப்பதெங்ஙனம்?

குற்றம் தமிழரிடத்தே உள்ளது. அதுவும் மூவரிடத்தே உள்ளது.

ஒருவர், ஆட்சியாளர். தமிழ்நாட்டரசு 2020-ஆம் ஆண்டு தொடரேட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அரசின் தொடரேட்டுக் கட்டமைப்பிற்கு 'நம்பிக்கை இணையம்' என்று இனிய தமிழ்ப் பெயரும் சூட்டப்பெற்றது. பெயர் தமிழாய் இருத்தல் நன்று. ஆயின், தமிழ்வழி மாணவனுக்கு அந்நுட்பத்தை முறையாகக் கற்பிக்கும் கல்லூரிப் பாடம் வேண்டுமன்றோ? அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டு தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலுமே இடம்பெற்றன. கணினிப் பொறியியல் இடம்பெறவில்லை. பெயர்ப்பலகையில் தமிழை ஏற்றி வகுப்பறையினின்று இறக்குவது மொழிப்பற்றாகாது.

மற்றொருவர், கணினித்துறையிற் பொருளீட்டும் தமிழர். உலகெங்கும் பரவி, உயர்ந்த பணிகளில் அமர்ந்துள்ள இவர்களுட் பலர் தம் ஊர்ப் பள்ளிக்குக் கணினி வாங்கித் தருவர். கட்டடமும் கட்டித் தருவர். அறிந்ததை நாற்பது பக்கம் தமிழில் எழுதித் தருக என்றால், 'தமிழில் எழுத வராது' என்பர். காசை ஈதல் எளிது. அறிவை ஈதலே அரிது.

மூன்றாமவர், தமிழ்ப் புலவர். இவரைப் பற்றிச் சொல்லாது விடுதல் நடுநிலையாகாது. ஒரு பொருளுக்கு ஐந்து கலைச்சொல் படைத்து, ஐந்தில் எது சிறந்ததென்று ஐந்தாண்டு வழக்காடுவர். ஐந்து சொல்லும் ஏட்டிற் கிடக்க, பிள்ளை ஆறாவதாக ஆங்கிலச் சொல்லையே ஆளும். வேறு சிலர், கோவிற் சுவரில் நிலக்கொடையைக் கல்லிற் பொறித்ததைக் காட்டி, 'தொடரேட்டைத் தமிழன் ஆயிரமாண்டுக்கு முன்னரே கண்டான்' என்று மார்தட்டுவர். அழிக்கவொண்ணாதவாறு ஊரறியப் பொறிக்கும் கருத்து இரண்டிற்கும் பொதுதான். மாணவர்க்கு விளக்க அவ்வொப்புமை உதவும். ஆயின், கல்வெட்டிற் பிழிவுமில்லை, நிரலுமில்லை. பழம்பெருமை ஒரு நிரலையும் ஓட்டாது. தமிழுக்கு வேண்டுவது இல்லாத முதன்மையை நாட்டும் வீம்பன்று, இருக்கும் அறிவை எழுதும் உழைப்பு.

உழைத்தோர் இல்லாமலில்லை. வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி தம் வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். 2012-ஆம் ஆண்டு தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தோடு தமிழில் வெளியிட்டு வருகின்றது. தன்னார்வலர் சிலர் வேலை முடிந்த இரவுகளிற் செய்தது இது. சிலர் இரவிற் செய்ததைப் பலர் பகலிற் செய்தால் என்னாகும்!

பொறி பெயர்த்துத் தராதா?

'இனி எவரும் எழுதவேண்டா. கணினியே நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றது' என்பது இன்று புதிதாய் எழுந்துள்ள பேச்சு. மொழிபெயர்ப்புப் பொறி பயனுடையதே. ஆயின், அது தமிழைக் கற்பது எங்ஙனம்? தமிழர் முன்னர் எழுதிவைத்தவற்றைப் படித்தே. தமிழர் கணினியியலை மிகுதியாய் எழுதியிருந்தால் அது நல்ல கணினித்தமிழ் தரும். எழுதாதிருந்தால் ஆங்கில எலும்பின்மேல் தமிழ்த்தோல் போர்த்துத் தரும். 'பிளாக்கு' என்னும் ஆங்கிலச் சொற்குத் தடை என்றும் பொருளுண்டு, கட்டம் என்றும் பொருளுண்டு. எவ்விடத்தில் எதுவென்று முடிவு செய்து நல்வழக்கை நிலைநாட்ட வேண்டியவர் கற்றறிந்த தமிழர். இறைக்காத கேணியில் ஏற்றம் மட்டும் வைத்தால் நீர் வாராது. ஊற்றைத் தூர்வாரியாக வேண்டும். பொறி வரைவு தரட்டும். திருத்தித் தெளிவாக்கித் தமிழாக்குவது மாந்தன் கடனே.

செய்யத்தக்கன

முதலாவது, சொற்பூசலை நிறுத்துக. அரசின் மேனிலைப் பாடநூலில் வழங்கும் சொற்களைப் பிள்ளைகள் முன்னரே அறிவர். குறையுடையதாயினும் வழக்கூன்றிய சொல், குறைவற்றதாயினும் வழங்காத சொல்லினும் மேல். அதனை அடியாகக் கொண்டு, இல்லாதவற்றுக்கு மட்டும் புதுச்சொல் ஆக்குக.

இரண்டாவது, ஊர்தோறும் ஒரு தமிழாசிரியரும் ஒரு நிரலரும் இணைக. ஆசிரியர்க்கு நிரல் தெரியாது. நிரலர்க்கு நடை வாராது. இருவரும் கூடினால் நூல் பிறக்கும். நகமோட்டோவின் ஒன்பது பக்கமே முதற்பணியாகுக. பிழையும் பொருட்குறையுமின்றி அதனைத் தமிழிற் செய்து, அடிக்குறிப்போடு விளக்கி, விலையின்றிப் பரப்புக. அடுத்து, திறந்த உரிமமுடைய பாடங்களுள் ஒன்றைப் பகுதி பகுதியாய்ப் பங்கிட்டுக்கொள்க.

மூன்றாவது, ஒவ்வொரு நிரலுக்கும் தமிழில் விளக்கக் குறிப்பெழுதும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊன்றுக. தான் எழுதிய வரியைத் தன் மொழியில் விளக்க மாட்டாதவன் அதனை அறியாதவன் என்பது நெறியாகுக.

நான்காவது, பெற்றோர் அஞ்சாதிருக்க. தமிழ்வழிக் கல்வி பிள்ளையின் காலைக் கட்டும் தளையன்று. தளையாயிருப்பது, மேற்படிப்பிற்குரிய நூலைத் தமிழில் எழுதாத கற்றோரின் சோம்பல். அச்சோம்பலை ஒழிக்குமாறு அரசையும் கல்லூரிகளையும் கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. அவ்வுரிமையை விட்டுக்கொடுத்து ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவது, தன் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டு விலைக்குத் தண்ணீர் வாங்குவதாகும்.

தொடரேட்டின் உயிர்க்கொள்கை ஒன்றே: ஏடு ஒருவன் கையில் மட்டும் இருத்தலாகாது, எல்லார் கையிலும் அதன் படி இருத்தல் வேண்டும், எவனையும் நம்பிக் கிடவாது எவரும் தாமே சரிபார்க்க வேண்டும். அக்கொள்கையைக் கற்பிக்கும் அறிவே ஒரு மொழியார் கையில் மட்டும் கிடப்பது எத்துணை முரண்! அறிவேட்டின் ஒரு படி தமிழிலும் எழுதப்பெற வேண்டும். எழுதுதற்கு இசைவு உண்டு, சொல்லுண்டு, கருவியுண்டு, கற்கக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. இல்லாதது எழுதும் கை ஒன்றே.

கற்ற தமிழர் கைகள் எழுதுகோலை எடுக்குமாக! வாயிற்படியில் அமர்ந்துள்ள உல்குக்காரன் எழுந்து போவானாக!